கால்பந்து கேள்வி – பதில்: ஷீரரின் 260

இங்கிலாந்தின் முன்வரிசைக் கோல் வீரர் (ஸ்ட்ரைக்கர்) ஆலன் ஷீரரைப் பற்றி வந்த கேள்விகள் ஒரு கட்டாகச் சேர்ந்துவிட்டதால் இந்த முறை பகுதி முழுவதும் அவருக்கே. அவர் ஆடிப் பார்க்காத இளைய வாசகர்களுக்காக ஒரு அறிமுகம்: 1970 ஆகஸ்ட் 13 அன்று இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசில் நகரத்தின் காஸ்ஃபோர்த் பகுதியில் பிறந்தவர். தந்தை உலோகத் தகட்டு வேலை செய்த தொழிலாளி. சவுத்தாம்ப்டன், பிளாக்பர்ன் ரோவர்ஸ், நியூகாசில் யுனைடெட் ஆகிய மூன்றே கிளப்புகளுக்கு ஆடி 2006-இல் ஓய்வு பெற்றார்.

ஷீரர் அடித்தது 260 கோல் என்கிறார்கள். 283 என்றும் படித்தேன். எது சரி?
— வாசகர், மதுரை

இரண்டும் சரிதான், எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறீர்கள் என்பதுதான் வித்தியாசம். இங்கிலாந்தின் உயர் பிரிவான பிரீமியர் லீக் தொடங்கியதே 1992 ஆகஸ்டில்தான். அதற்கு முன் இங்கிலாந்தின் முதல் பிரிவில் சவுத்தாம்ப்டனுக்காக 118 லீக் ஆட்டங்களில் அவர் அடித்தது 23. அதற்குப் பிறகு பிளாக்பர்னுக்கு 112, நியூகாசிலுக்கு 148. இவை இரண்டும் சேர்ந்தால் 260. பழைய 23-ஐயும் கூட்டினால் 283. இவை அனைத்தும் லீக் கோல்கள் மட்டுமே. கோப்பைப் போட்டிகள், ஐரோப்பியப் போட்டிகள் எல்லாம் சேர்த்தால் நியூகாசிலுக்கு மட்டும் 405 ஆட்டங்களில் 206 வரும்.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், ‘இங்கிலாந்து லீக்கில் எக்காலத்திலும் அதிக கோல் அடித்தவர் ஷீரர்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. முதல் பிரிவுக் காலத்தில் ஜிம்மி கிரீவ்ஸ் அடித்தது 357. ஷீரருடையது ‘பிரீமியர் லீக்’ சாதனை. 1992-இல் பெயர்ப்பலகை மாறியதால் வரலாறு அங்கிருந்து தொடங்கியதாக நினைப்பது தொலைக்காட்சிக்கு வசதி, நமக்கு வேண்டாம்.

17 வயதில் ஹாட்ரிக் அடித்தவர், அடுத்த நான்கு ஆண்டுகளில் ஏன் அவ்வளவு குறைவாக அடித்தார்?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

நல்ல கேள்வி. 1988 ஏப்ரல் 9 அன்று ஆர்செனலுக்கு எதிராக, ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய முதல் லீக் ஆட்டத்தில், 17 வயது 240 நாளில் மூன்று கோல். சவுத்தாம்ப்டன் 4–2. உயர் பிரிவில் ஹாட்ரிக் அடித்த மிக இளையவர் என்ற பெயர் அதுவரை 30 ஆண்டுகளாக மேலே சொன்ன கிரீவ்ஸிடம்தான் இருந்தது.

அதன்பின் கோல் வற்றியதற்குக் காரணம் அவருடைய வேலை. அந்த அணியில் கோல் அடிக்க மேட் லெ டிசியே, ராட் வாலஸ் இருந்தார்கள். ஷீரரின் பங்கு முன்னால் நின்று நீளப் பந்தை வாங்கி, டிஃபெண்டரை முதுகால் தடுத்து, பக்கத்தில் வருபவருக்குக் கொடுப்பது. 1991–92 பருவத்தில்தான் லீக்கில் 13 கோல் வந்தது. ஆனால் பந்தைப் பிடித்து வைக்கும் வேலையை இருபது வயதுக்குள் கற்றுக்கொண்டதன் பலன் பத்து ஆண்டு கழித்துக் கிடைத்தது. அதைக் கீழே காயம் பற்றிய பதிலில் பாருங்கள். இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியில் 11 ஆட்டங்களுக்கு 13 கோல் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கோல் அடிக்கத் தெரியாமல் இருந்த காலமாக அது இல்லை என்பது விளங்கும்.

260-இல் 56 பெனால்டி. அதைக் கழித்தால் சாதாரண ஸ்ட்ரைக்கர்தானே?
— வாசகர், ஈரோடு

கழித்தே பார்ப்போம். மிச்சம் 204. ஆண்டி கோல் (Andy Cole) என்ற இன்னொரு ஸ்ட்ரைக்கர் பிரீமியர் லீக்கில் அடித்த 187-இல் பெனால்டி ஒன்றே ஒன்று, கழித்தால் 186. ஷீரரின் 441 ஆட்டங்களுக்கு 204 என்றால் ஆட்டத்துக்கு 0.46, ஆண்டி கோலின் 414 ஆட்டங்களுக்கு 186 என்றால் 0.45. பெனால்டி இல்லாமலேயே ஷீரர் ஒரு நூலிழை மேலேதான் நிற்கிறார். ‘சாதாரணம்’ என்ற சொல்லை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். பெனால்டி அல்லாத அந்த 204-இல் 46 தலையால் முட்டியவை.

பெனால்டியில் ஷீரர் செய்தது என்ன? மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.
— உடற்கல்வி ஆசிரியர், கன்னியாகுமரி மாவட்டம்

வித்தை எதுவும் இல்லை, அதுதான் அவருடைய வித்தை. ஓட்டத்தில் நின்று நின்று போவது, கோல்கீப்பரைப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது, மெதுவாகத் தூக்கி விடுவது எதுவும் கிடையாது. முடிவெடுத்த மூலைக்கு முழு வேகத்தில் அடி. 67 தடவை அடித்ததில் 11 தவறியிருக்கின்றன, அதாவது ஆறுக்கு ஐந்து உள்ளே.

கணக்கைப் பாருங்கள். பெனால்டிப் புள்ளியிலிருந்து கோல் கோடு 11 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தை 0.4 நொடியில் கடக்கும். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. பந்து காலை விட்டுக் கிளம்பியதைப் பார்த்துவிட்டு மூலைக்குப் பாய அந்த நேரம் கீப்பருக்குப் போதாது. முன்கூட்டியே ஊகித்துத்தான் பாய வேண்டும். சரியாக ஊகித்தாலும் கை பின்னுக்குத் தள்ளப்படும் அளவுக்கு வேகம் இருந்தால் பாதி கவலை தீர்ந்தது.

மாணவர்களுக்கு இந்த வரிசையில் சொல்லுங்கள். பந்தைக் கையால் வைத்து, காற்று அடைக்கும் வால்வு தங்கள் பக்கம் வராதபடி திருப்பிவிட்டு, மூலையை அப்போதே முடிவு செய்யட்டும். பின்னால் ஐந்தாறு அடி, சற்றே சாய்கோணத்தில். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி விழ வேண்டும். அந்தப் பாதத்தின் விரல்கள் குறிவைத்த மூலையைப் பார்க்க வேண்டும். அடிப்பது பூட்சின் கயிறு கட்டும் மேற்பகுதியால், பந்தின் நடுவில். முழங்கால் பந்துக்கு மேலே வந்திருக்க வேண்டும்.

தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஊன்றும் கால் பந்துக்குப் பின்னாலேயே விழுந்துவிட்டால் உடல் பின்னுக்குச் சாயும், பந்து கம்பத்துக்கு மேலே பறக்கும். இன்னொன்று, ஓடும்போது மனம் மாறுவது: கண் ஒரு மூலை, இடுப்பு இன்னொரு மூலை, பந்து நடுவில் மெல்ல உருண்டு கீப்பர் கைக்குப் போகும். இதற்கு மருந்து பயிற்சியின் முடிவில், கால் களைத்திருக்கும்போது, பத்துப் பந்தும் ஒரே மூலைக்கு அடிக்க வைப்பதுதான்.

ஒரு விதியையும் நினைவூட்டுங்கள். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால் அடித்தவர் மீண்டும் தொடக் கூடாது. வேறொருவர் தொட்ட பிறகே தொடலாம். கீப்பர் தட்டிவிட்டுத் திரும்பினால் அடிக்கலாம். ஆட்டம் முடிந்த பின் நடக்கும் பெனால்டி மோதலில் இரண்டாவது அடி என்பதே கிடையாது.

பிளாக்பர்ன் போன்ற சின்ன ஊர் 1995-இல் எப்படிச் சாம்பியன் ஆனது?
— வாசகர், திருச்சி

பணம் முதல் காரணம். ஊர்க்காரரான இரும்புத் தொழில் அதிபர் ஜாக் வாக்கர் கொடுத்த பணம். கென்னி டால்கிளிஷ் மேலாளராக வந்து 1992-இல் அணியை மேல் பிரிவுக்கு ஏற்றினார். அதே கோடையில் ஷீரருக்குச் சுமார் 36 லட்சம் பவுண்டு. ஆங்கிலக் கிளப் ஒன்று அதுவரை கொடுத்ததிலேயே பெரிய தொகை. 1994-இல் நாரிச் சிட்டியிலிருந்து கிறிஸ் சட்டனுக்கு 50 லட்சம்.

ஆனால் பணம் ஆட்டமுறை ஆகிவிடாது. டால்கிளிஷின் முறை பழைய 4–4–2, அதாவது பின்னால் நால்வர், நடுவில் நால்வர், முன்னால் இருவர்: வலப்பக்கம் ஸ்டூவர்ட் ரிப்ளி, இடப்பக்கம் ஜேசன் வில்காக்ஸ் என்ற இரு விங்கர்கள். கோட்டோரம் ஓடி, அங்கிருந்து கோல் முன்னால் பந்தைத் தூக்கி அனுப்புவதுதான் (கிராஸ்) அவர்கள் பிழைப்பு. சட்டன் உயரமானவர், முதல் பந்தை முட்டி இறக்குவார் அல்லது அருகிலுள்ள கம்பத்துக்கு ஓடி ஒரு டிஃபெண்டரை இழுத்துப் போவார். ஷீரர் தூரத்துக் கம்பத்தின் பக்கம், உயரம் குறைந்த பக்க டிஃபெண்டரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பார். அந்த டிஃபெண்டர் பந்தைப் பார்த்தால் ஷீரரைப் பார்க்க முடியாது, ஷீரரைப் பார்த்தால் பந்தைப் பார்க்க முடியாது. அந்தப் பருவத்தில் அணி அடித்த 80-இல் ஷீரர் 34, சட்டன் 15.

கடைசி நாள், மே 14. லிவர்பூல் மைதானத்தில் ஷீரர் முதல் கோல் அடித்தும் 1–2 தோல்வி. அதே நேரம் வேறு மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமை வென்றிருந்தால் கோப்பை கைமாறியிருக்கும். 1–1 என்று முடிந்தது. 89 புள்ளிக்கு 88. பிளாக்பர்ன் அதற்கு முன் சாம்பியன் ஆனது 1914-இல்.

காயம் இல்லாமல் இருந்தால் எத்தனை அடித்திருப்பார்?
— வாசகர், கோயம்புத்தூர்

‘இருந்தால்’ கணக்குப் போடுவது வீண். நடந்ததைக் கணக்கிட்டால் அதைவிட சுவாரசியமாக இருக்கிறது.

முதல் பெருங்காயம் 1992 டிசம்பர் 26, லீட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில்: வலது முழங்காலின் முன்புறச் சிலுவைத் தசைநார் அறுந்தது. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் முன்னும் பின்னும் நழுவாமல் மூட்டுக்குள் இழுத்துப் பிடிக்கும் நார் அது. அறுந்தால் தானாக ஒட்டாது. உடலின் வேறிடத்து நாரை எடுத்துப் பொருத்த வேண்டும். அந்தக் காலத்தில் பலரின் ஆட்டத்துக்கே முடிவு கட்டிய காயம். அதுவரை அந்தப் பருவத்தில் 21 ஆட்டங்களில் 16 அடித்திருந்தவர், திரும்பி வந்து அடுத்த மூன்று பருவங்களில் 31, 34, 31 அடித்தார். ஆகவே முழங்கால் அவரைக் குறைக்கவில்லை.

குறைத்தது கணுக்கால். 1997 ஜூலை, பருவம் தொடங்கும் முன் கூடிசன் பார்க் மைதானத்தில் நடந்த ஒரு பயிற்சிப் போட்டி. யாரும் மோதவில்லை, பந்தை எட்டப் போனபோது பாதம் புல்லில் சிக்கித் திரும்பியது. கணுக்கால் தசைநார் கிழிந்து எலும்பும் முறிந்தது. நியூகாசிலின் நேரத்தைப் பாருங்கள்: அவருடைய ஜோடி லெஸ் ஃபெர்டினாண்டை டாட்டன்ஹாமுக்கு விற்கும் பேரம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தும் முடியவில்லை. 1998 ஜனவரியில் ஷீரர் திரும்பினாலும் அந்தப் பருவத்தில் லீக்கில் 2 கோல்தான். முந்தைய ஆண்டு இரண்டாம் இடம் பிடித்த அணி 13-க்குச் சரிந்தது.

இப்போது 441 ஆட்டங்களையும் அந்த ஜூலையில் இரண்டாக வெட்டுங்கள். முன்: 169 ஆட்டம், 137 கோல். பின்: 272 ஆட்டம், 123 கோல். ஆட்டத்துக்கு 0.81 இருந்தது 0.45 ஆகிவிட்டது. முதல் பாதிக்காரர் டிஃபெண்டருக்கும் கீப்பருக்கும் இடையில் விழும் பந்தைத் துரத்தி ஓடி அடிப்பவர். அந்த முதல் ஐந்தடி வேகம் போய்விட்டது. இரண்டாம் பாதிக்காரர் சவுத்தாம்ப்டனில் கற்ற பழைய பாடத்துக்குத் திரும்பினார்: பக்கவாட்டில் நின்று, கைகளை விரித்து, இடுப்பால் டிஃபெண்டரை ஒரு முழம் தள்ளி வைத்து, பந்தைத் தூரத்துக் காலில் வாங்குவது. பின்னாலிருந்து பந்தைப் பறிக்க நினைப்பவர் அவர் காலைத் தட்டுவார், ஃப்ரீ கிக். எதிரணி ரசிகர்கள் இதைத் திட்டித் தீர்த்தார்கள். அவருடைய முழங்கைகளைப் பற்றிய புகாரிலும் நியாயம் இருந்தது.

இதிலும் ஒரு கோளாறு உண்டு. கோலுக்கு முதுகு காட்டியே நின்றால் கோல் அடிக்க முடியாது. 1999 செப்டம்பரில் மேலாளராக வந்த பாபி ராப்சன் இதைத்தான் திருத்தினார்: உடலைத் திறந்து நில், பந்து வரும்முன் திரும்பு, பக்கவாட்டுக்கு ஓடு. ராப்சனின் முதல் உள்ளூர் ஆட்டத்தில் ஷெஃபீல்ட் வென்ஸ்டே அணியை 8–0 என்று வென்றார்கள், ஷீரர் மட்டும் ஐந்து. அந்தப் பருவத்தில் 23, 2001–02-இல் 23, 2003–04-இல் 33 வயதில் 22. இந்த இரண்டாம் பாதியைத்தான் நான் உயர்வாக மதிப்பேன். 0.81-க்குத் திறமையும் வேகமும் போதும். வேகம் போன காலை வைத்துக்கொண்டு ஒன்பது பருவம் ஓட்டுவதற்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

ராப்சனுக்கு முன் நியூகாசில் மேலாளராக இருந்த ரூட் குலிட் அவரை ஆட விடாமல் உட்கார வைத்தாரே?
— வாசகர், சேலம்

1999 ஆகஸ்ட் 25, பரம எதிரி சண்டர்லாந்துடன் சொந்த மைதானத்தில், கொட்டும் மழையில். ஷீரரும் டங்கன் ஃபெர்குசனும் மாற்று வீரர் வரிசையில். 1–2 தோல்வி. மூன்று நாளில் குலிட் விலகினார்.

இங்கிலாந்துக்கு 63 ஆட்டம், 30 கோல். கிளப்பில் அடித்த அளவுக்கு இல்லையே?
— வாசகர், சென்னை

ஆட்டத்துக்கு கிட்டத்தட்ட அரை கோல் என்பது சர்வதேச அளவில் குறைவல்ல. ஆனால் உங்கள் சந்தேகத்துக்கு ஒரு காலம் இடம் கொடுத்தது உண்மை. 1994 செப்டம்பரில் அமெரிக்காவுக்கு எதிராக அடித்தபின் 12 ஆட்டம், 21 மாதம், ஒரு கோலும் இல்லை. அதே மாதங்களில் பிளாக்பர்னுக்கு அடித்துக் குவித்தார். ஐரோப்பிய நாடுகளின் கோப்பைப் போட்டியான யூரோ 96 நெருங்க, அவரை மாற்றச் சொல்லிப் பத்திரிகைகள் கத்தின. மேலாளர் டெர்ரி வெனபிள்ஸ் அசையவில்லை.

1996 ஜூன் 8 அன்று வெம்பிளியில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகக் கதவு திறந்தது. பிறகு ஸ்காட்லாந்துக்கு எதிராக ஒன்று, நெதர்லாந்துக்கு எதிராக இரண்டு, அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. ஐந்து கோலுடன் போட்டியின் அதிக கோல் அடித்தவர். அரையிறுதி 1–1, பெனால்டி மோதலில் முதல் பந்தை அடித்தவர் அவர்தான், உள்ளே போனது. அணி தோற்றது.

அந்த ஆண்டே புதிய மேலாளர் கிளென் ஹாடில் அவரைக் கேப்டன் ஆக்கினார். மொத்தம் 34 ஆட்டங்களில் தலைமை. 1998 உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக ஒரு பெனால்டி கோல். அதே ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் சால் கேம்பல் முட்டிய பந்து வலைக்குள் போயும் நடுவர் மறுத்தார். காரணம், கீப்பர் மேல் பட்ட ஷீரரின் முழங்கை. யூரோ 2000-இல் ஜெர்மனியை 1–0 என்று வென்ற கோல் அவருடையது. போட்டிக்கு முன்பே அறிவித்தபடி, 29 வயதில் அத்துடன் தேசிய அணியை விட்டார்.

மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போயிருந்தால் கோப்பைகள் குவிந்திருக்குமே?
— வாசகர், புதுச்சேரி

ஒரு முறை அல்ல, இரு முறை மறுத்தார்: 1992-இல் பிளாக்பர்னுக்காக, 1996-இல் நியூகாசிலுக்காக. இரண்டாவது முறை நியூகாசில் கொடுத்தது 1.5 கோடி பவுண்டு, அன்றைய உலக சாதனை. சின்ன வயதில் ரசிகனாக நின்று பார்த்த மைதானம், அழைத்தவர் அப்போதைய மேலாளர் கெவின் கீகன். அங்கே கோப்பை கிடைக்கவில்லை. இங்கிலாந்துக் கிளப்புகளுக்கான எஃப்.ஏ. கோப்பையின் 1998, 1999 இறுதிகளில் அடுத்தடுத்து 0–2. இரண்டாவது தோல்வியைக் கொடுத்ததே மான்செஸ்டர் யுனைடெட்தான். அவர் வென்ற பெரிய பட்டம் 1995 லீக் ஒன்றே. பதிலுக்கு ஜாக்கி மில்பர்னின் 200 கோல் என்ற நியூகாசில் சாதனையை 2006 பிப்ரவரியில் போர்ட்ஸ்மத்துக்கு எதிராகத் தாண்டினார். நியூகாசிலில் யாரிடமாவது இதை ‘நஷ்டம்’ என்று சொல்லிப் பாருங்கள், தேநீர்கூடக் கிடைக்காது.

என் மகனுக்கு ஒன்பது வயது. பந்தைத் தலையால் முட்டப் பழக்கலாமா?
— வாசகி, திண்டுக்கல்

இப்போது வேண்டாம். 2020 முதல் இங்கிலாந்தில் 11 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதைச் சொல்லித்தருவதில்லை. 2019-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்களை ஆராய்ந்தது. நரம்புச் சிதைவு நோயால் இறப்பது மற்றவர்களைவிட அவர்களிடம் மூன்றரை மடங்கு அதிகம் என்று கண்டார்கள். 2021 முதல் பெரியவர்களுக்கும் வாரப் பயிற்சியில் பலமான முட்டல் பத்துக்கு மேல் கூடாது என்று வழிகாட்டுதல் உண்டு. கார்னர், கிராஸ், 35 மீட்டருக்கு மேல் பறந்து வரும் பந்து எல்லாம் பலமான முட்டலில் சேரும். ஷீரரே 2017-இல் இதைப் பற்றி ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் செய்து, தன் மூளையையும் பரிசோதனைக்குக் கொடுத்தார். ஒன்பது வயதில் இரு காலாலும் பந்தை நிறுத்தப் பழகட்டும்.

பயிற்சியாளராக ஏன் தொடரவில்லை?
— வாசகர், தூத்துக்குடி

2009 ஏப்ரலில், தரமிறங்கும் நிலையிலிருந்த நியூகாசிலுக்குக் கடைசி எட்டு ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். ஒரு வெற்றி, இரண்டு சமன், ஐந்து தோல்வி. அணி கீழிறங்கியது. பிறகு எந்த அணிக்கும் பொறுப்பேற்கவில்லை. தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசும் வேலையிலேயே நிலைத்துவிட்டார்.

கடைசி கோல் எது?
— வாசகர், காரைக்குடி

2006 ஏப்ரல் 17, சண்டர்லாந்து மைதானத்தில் 4–1 வெற்றி. பெனால்டி. அடித்துச் சற்று நேரத்தில் ஒரு மோதலில் முழங்கால் தசைநார் கிழிந்தது. மிச்சமிருந்த மூன்று ஆட்டங்களும் போயின. மே 11 அன்று செல்டிக் அணியுடன் அவருக்கான பிரியாவிடை ஆட்டம். ஆட முடியாத காலுடன் பந்தை உதைத்துத் தொடங்கி வைத்துவிட்டு வெளியேறினார். முடிவில் ஒரு பெனால்டி கிடைத்ததும் மறுபடி உள்ளே வந்து அதையும் அடித்தார். அது கண்காட்சி ஆட்டம் என்பதால் 260-இல் சேராது.